சிராய்ப்பு வேறு, வளைவு வேறு

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொல்லிமலைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவும் எனக்கு அத்துப்படி. போன மாதம் ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் தூக்கமும் வரவில்லை. இனிமேல் வேகமெல்லாம் டிராக்கில்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கையில் 1,60,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 2017 மாடல் கேடிஎம் ஆர்சி 390, கேட்கும் விலை 1,25,000. இன்னொன்று 2014 மாடல் யமஹா ஆர்15 வி2, விலை 55,000. பக்கவாட்டில் நிறைய சிராய்ப்பு இருக்கிறது. நண்பர்கள் எல்லாரும் 390-ஐ எடுக்கச் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? பழைய வண்டியில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

வாசகர், திருச்சி

பதில்: தம்பி, அந்த ஒரு சாண் இடைவெளியை மறக்காமல் எழுதியிருக்கிறீர்களே, அதுவே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. ரோட்டில் வேகமாகப் போய் வளைவு பழகியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இன்று இல்லை. டிராக்குக்குப் போவது என்று நீங்கள் எடுத்த முடிவு வண்டியைவிடப் பெரியது.

வண்டிக்கு வருகிறேன். ஆர்15-ஐ எடுங்கள். அந்தக் குறிப்பிட்ட வண்டி நான் கீழே சொல்கிற சோதனைகளில் தேறாவிட்டால், அதே மாடலில் வேறு ஒன்றைத் தேடுங்கள். 390 இப்போதைக்கு வேண்டாம்.

முதல் காரணம் சாதாரணக் கூட்டல் கழித்தல். 1,25,000 வண்டிக்கே போய்விட்டால் மிச்சம் 35,000. அதில் லெதர் சூட் வாங்குவீர்களா, பூட்ஸ் வாங்குவீர்களா, டயர் மாற்றுவீர்களா? எதையாவது விட்டுவிடத்தான் தோன்றும். பெரும்பாலும் விடுபடுவது உடம்புக்கான கவசம்தான், ஏனென்றால் வண்டி ஓட அது தேவையில்லை. டிராக் வண்டிக்குக் கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று என்னிடம் கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன். மூன்றில் ஒரு பங்கோடு முடித்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்சி 390-இன் எஞ்சின் 373 சிசி, 43 குதிரைத்திறன். ஆர்15 வி2 150 சிசி, 17 குதிரைத்திறன். புதிதாக டிராக்குக்கு வருகிறவர் எல்லாருமே வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் பிடித்துவிடுவார்கள். வளைவுக்குள் வண்டி மெதுவாக உருளும், வெளியே வந்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்குவார்கள். 390 அந்தத் தவற்றை மறைத்துவிடும். வளைவில் இழந்த வேகத்தை எஞ்சின் இரண்டே நொடியில் மீட்டுக் கொடுத்துவிடுவதால், நன்றாக ஓட்டினோம் என்று நமக்குத் தோன்றும். 17 குதிரைத்திறனில் அது நடக்காது. வளைவில் இழந்த வேகம், அடுத்த நேர்ப்பாதை முழுவதும் உங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கே தேவையில்லாமல் பிரேக் பிடித்தோம், எந்தக் கோட்டில் உள்ளே போயிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சின்ன வண்டி சொல்லிக்கொண்டே இருக்கும். பார்வையை எங்கே வைப்பது, உடம்பை எப்படி நகர்த்துவது, பிரேக்கை எப்படி மெல்ல விடுவது என்பதெல்லாம் அங்கேதான் கைக்கு வரும்.

பிரேக் கணக்கையும் பாருங்கள். ஒரே வண்டியின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 140 ஆனால், அதை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. தப்பு செய்தால் சறுக்கிப் போகிற தூரமும் அதேபோலக் கூடும். முதல் பத்து டிராக் நாட்களில் தப்பு செய்யாதவர் யாரும் கிடையாது. அதைக் குறைந்த வேகத்தில் செய்வது நல்லது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. முப்பத்தோரு வயதில், இரண்டு வருடம் சேர்த்த பணத்தை எல்லாம் போட்டு ஒரு இரட்டை சிலிண்டர் வண்டியைப் பழையதாக வாங்கினேன். இருங்காட்டுக்கோட்டையில் முதல் டிராக் நாள். மூன்றாவது செஷனில், சாய்ந்திருக்கும்போதே முன் பிரேக்கை இறுக்கினேன். முன் சக்கரம் வழுக்கிப் போய்விட்டது. நண்பரிடம் இரவல் வாங்கிய சூட் என் தோலைக் காப்பாற்றியது. வண்டியில் ரேடியேட்டர், ஃபேரிங், ஹேண்டில், டேங்க் எல்லாம் போயிற்று. சரி செய்யப் பணமில்லாமல் எட்டு மாதம் அது ஷெட்டில் நின்றது. அந்த எட்டு மாதமும் என்னால் டிராக் பக்கமே போக முடியவில்லை. பிறகு அதை வந்த விலைக்கு விற்றுவிட்டு, சிராய்ப்பு விழுந்த ஒரு 150 சிசி வண்டி எடுத்தேன். அதில் நான்கு முறை விழுந்தேன். நான்கு முறையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஓட்டினேன். டிராக் வண்டி என்றால் அப்படி இருக்க வேண்டும்: விழுந்தால் ஒரு லீவரும் ஒரு ஃபுட்ரெஸ்ட்டும் மாற்றிவிட்டு அன்றைக்கே கிளம்பக் கூடியதாக.

சின்ன வண்டியை யாராவது ஏளனமாகப் பார்ப்பார்களோ என்ற கவலை வேண்டாம். தேசிய சாம்பியன்ஷிப்பிலேயே 165 சிசி வகுப்பு இருக்கிறது. நாட்டின் நல்ல ரேஸர்கள் அதில்தான் மோதிக்கொள்கிறார்கள்.

ஆர்15-ஐச் சொல்வதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2008-இல் அது வந்தபோது, இந்த அளவு வண்டியில் லிக்விட் கூலிங், ஆறு கியர், டெல்டாபாக்ஸ் ஃபிரேம் எல்லாம் சேர்ந்து கிடைத்தது நம் ஊருக்குப் புதிது. முதல் வண்டியில் பின் டயர் 100 அளவுதான். 2011-இல் வந்த வி2-இல் அலுமினிய ஸ்விங் ஆர்மும் 130 அளவுப் பின் டயரும் கொடுத்தார்கள். வளைவில் நம்பிச் சாய்க்கலாம். எடை 136 கிலோ. உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டாம்; புதிது கிடைக்காவிட்டாலும் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். குறை என்று சொன்னால் ஏபிஎஸ் கிடையாது. அது வேண்டும் என்று நினைத்தால், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து 2019 முதல் வந்த ஏபிஎஸ் உள்ள வி3-ஐப் பாருங்கள். அது 155 சிசி. ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் வேகமாகக் கியர் குறைக்கும்போது பின் சக்கரம் துள்ளாது. உங்கள் பணத்துக்குள் வேறு வண்டி என்றால் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி, பல்சர் ஆர்எஸ் 200 இரண்டையும் பார்க்கலாம். ஹோண்டா சிபிஆர் 250 ஆர் நிதானமான நல்ல வண்டி, ஆனால் கனம். ஆர்சி 200 அடுத்த படிக்கு ஏற்றது. ஒரு வருடம் கழித்து யோசியுங்கள்.

இனி, வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவை. கையில் ஒரு டார்ச், நீளமான நூல்கண்டு, இன்ச் டேப், பழைய துணி எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். பட்டறைக்காரர் என்பதால் பாதி வேலை உங்கள் கண்ணுக்கே வரும்.

நீங்கள் எழுதியிருக்கும் சிராய்ப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிராய்ப்பு வேறு, வளைவு வேறு. ஹேண்டில் முனை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட், எஞ்சின் பக்கக் கவர், இந்த நான்கிலும் ஒரே பக்கமாகத் தேய்மானம் இருந்தால் வண்டி அந்தப் பக்கம் படுத்துச் சறுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். டிராக் வண்டிக்கு அது விலையைக் குறைத்துக் கேட்க உதவும். நான் அதிகம் சந்தேகப்படுவது, பத்து வயது வண்டியில் ஒரு பக்க ஃபேரிங் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்து, முன் மட்கார்டும் புதிதாக இருந்தால்தான். அது நேராகப் போய் எதிலோ மோதிய வண்டியாக இருக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க ஓர் இடம் இருக்கிறது. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால், அது மேற்கொண்டு போகாமல் தடுக்கிற சின்ன இரும்புத் துண்டு ஃபிரேமின் கழுத்தில் இருக்கும். ஸ்டியரிங் ஸ்டாப்பர் என்பார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். அது நசுங்கியிருந்தாலோ, உடைந்து வெல்டிங் போட்டிருந்தாலோ, அங்கே மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, பேச்சை முடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். முன் பக்கம் பலமாக அடிபட்ட வண்டி அது. ஃபிரேமை நேராக்கிக் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் டிராக்குக்கு அது வேண்டாம். வெல்டிங் என்ன செய்யும், என்ன செய்யாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது நூல் சோதனை. ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தை நேராக வையுங்கள். பின் டயரின் பின்புறம் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் முன் சக்கரம் வரை இழுத்துப் பிடியுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வேறு எதிலும் படாமல், பின் டயரின் இரண்டு விளிம்பிலும் நூல் ஒட்டியிருக்க வேண்டும். வி2-இல் பின் டயர் 130, முன் டயர் 90. ஆகவே முன் டயரின் இரு பக்கமும் நூலுக்கும் டயருக்கும் நடுவே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் இடைவெளி சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 30 என்று வந்தால் முதலில் செயின் அட்ஜஸ்டரைச் சரி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் எங்கோ வளைந்திருக்கிறது.

முன்னால் நின்று இரண்டு ஃபோர்க் குழாய்களையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். ஒன்றோடொன்று இணையாக நிற்க வேண்டும். பிரேக்கைப் பிடித்து முன் பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிட்டுக் குழாயைத் துணியால் துடையுங்கள். எண்ணெய் வட்டம் தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. அது சின்ன செலவுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்வதுபோல் இருந்தால் கோன் செட் மாற்ற வேண்டும். ரோட்டில் அதைப் பெரிதாக உணர மாட்டோம். வளைவில் சாய்க்கும்போது வண்டி நாம் சொன்னபடி கேட்காது. சக்கரத்தைச் சுழற்றி, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை நிலையாகப் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும்.

எஞ்சினுக்கு வருவோம். “நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணே” என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியையும் ஆயில் டிப் ஸ்டிக்கையும் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்து சூடானபின் ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுங்கள்; நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

இந்த இடத்தில் ஆர்15-க்கென்று ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதன் சிலிண்டர் டயாசில் என்கிற அலுமினிய, சிலிக்கான் கலவை. உள்ளே இரும்பு ஸ்லீவ் கிடையாது. பழைய வண்டிகளைப்போல லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட முடியாது. கோடு விழுந்தால் பிளாக்கையே மாற்ற வேண்டும். அதனால் நீலப் புகை வந்தால் அந்தச் செலவையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள். விற்பவர் “ரிங் மாத்தினா சரியாயிடும்” என்று சொன்னால் அதை நம்பி விலை முடிக்காதீர்கள். ஆனாலும் எஞ்சின் களைத்துப்போய் ஃபிரேம் நேராக இருக்கிற வண்டியா, எஞ்சின் நன்றாக இருந்து ஃபிரேம் கோணிய வண்டியா என்று கேட்டால், யோசிக்காமல் முதலாவதைத்தான் எடுப்பேன்.

பேப்பர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். டிராக்கில்தானே ஓடப்போகிறது என்று ஆர்.சி. இல்லாத வண்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள், பைனான்ஸ் பாக்கி இருந்தால் என்.ஓ.சி. வாங்கச் சொல்லுங்கள், படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். சாதாரண வாகன இன்சூரன்ஸ் ரேஸையும் வேகச் சோதனையையும் விலக்கித்தான் எழுதப்படுகிறது. டிராக்கில் விழுந்தால் செலவு உங்களுடையது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

அந்தக் கணக்கை நான் இப்படிப் போடுவேன். சிராய்ப்பைக் காட்டிப் பேசி, வண்டியை 50,000-க்கு முடிக்கப் பாருங்கள். 25,000 வண்டியைத் தயார் செய்ய: இரண்டு டயர், பிரேக் பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், கோன் செட், செயின் ஸ்பிராக்கெட், எஞ்சின் ஆயில். டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் அச்சடித்த நான்கு எண்ணைப் படியுங்கள். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் ஐந்து வருடமான டயரில் நான் டிராக்குக்குப் போக மாட்டேன். பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் டிராக்கின் சூட்டில் கொதித்து லீவர் பஞ்சுபோல உள்ளே போய்விடும். அதை மாற்ற ஆகும் செலவு ஒரு நாள் ஹோட்டல் சாப்பாட்டுச் செலவுதான்.

உடம்புக்கு 60,000 ஒதுக்குங்கள். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பழைய ஹெல்மெட் ஒருமுறை கீழே விழுந்ததா என்பது வெளியே தெரியாது. தாடையில் டபுள் டி ரிங் பூட்டு இருக்கட்டும். லெதர் சூட், முதுகுக் கவசம், மணிக்கட்டு தாண்டி வரும் கையுறை, கணுக்கால் மறைக்கும் பூட்ஸ் எல்லாம் வேண்டும். சூட் மட்டும் பழையது வாங்கலாம். தையல் பிரியாமல் உடம்போடு இறுக்கமாக இருந்தால் போதும். மிச்சம் 25,000 டிராக் கட்டணத்துக்கும் பயிற்சிக்கும். வேகமான சைலன்ஸர், ஏர் ஃபில்டர் என்று ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நாள் பயிற்சியாளரோடு ஓட்டினால் கிடைக்கும் வேகத்தை எந்த சைலன்ஸரும் தராது.

டிராக்குக்குள் போகுமுன் வண்டியில் கழற்ற வேண்டியவை: கண்ணாடி, நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்ட், சாரி கார்டு. ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல் டேப் ஒட்டுங்கள். கூலண்ட்டை வடித்துவிட்டு வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். கூலண்ட் டிராக்கில் சிந்தினால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கூலண்ட் மாற்ற மறக்காதீர்கள். ஆயில் வடிக்கிற போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். அது கழன்றால் உங்கள் பின் டயரிலேயே ஆயில் கொட்டும்.

எந்த டிராக் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-இல் திறந்தது. அதற்கு முன்பு சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதையில்தான் ரேஸ் நடந்தது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் இப்போதைய பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. கோவை செட்டிபாளையத்திலிருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். திருச்சியிலிருந்து பக்கமும் அதுதான், சுமார் 200 கிலோமீட்டர். நேர்ப்பாதை குறைவு, அடுத்தடுத்து வளைவு. ஆர்15-க்கென்றே போட்டதுபோல இருக்கும். முதல் மூன்று நாட்களை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு குட்டியானை பேசி ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நாள் முழுவதும் வெயிலில் சூட் போட்டு ஓட்டிக் களைத்த உடம்போடு, லைட்டில் டேப் ஒட்டி, கண்ணாடி கழற்றிய வண்டியில் ராத்திரி கரூர் ரோட்டில் வரக் கூடாது. வண்டி விழுந்து ஹேண்டில் வளைந்துவிட்டால் வரவும் முடியாது. அந்த வாடகையையும் டிராக் கட்டணத்தோடு சேர்த்தே எழுதி வையுங்கள். கிளம்புவதற்கு முன்னால் எங்கே போகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.